ஒரே மென்பொருள், இரண்டு சீட்: பைலட் ரோஸ்டர் பிட்டிங் சிஸ்டம் விமர்சனம்

மதிப்பெண்ணை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வலப்பக்க சீட்டில் துணை பைலட்டாக, அதாவது சீனியர் ஃபர்ஸ்ட் ஆபீசராக இருந்த காலத்தில் கேட்டிருந்தால், பைலட்டுகளுக்கு ரோஸ்டர் (மாத டியூட்டி அட்டவணை) போடும் இந்த மென்பொருளுக்கு ஐந்துக்கு நாலரை கொடுத்திருப்பேன். இப்போது இடப்பக்க சீட்டில் ஜூனியர் கேப்டன். அதே திரை, அதே பட்டன்கள், அதே கடைசித் தேதி, ஆனால் ஐந்துக்கு இரண்டுக்கு மேல் கொடுக்க மனம் வரவில்லை. வரிசையில் நான் நிற்கும் இடம் மாறியதைத் தவிர வேறு எதுவும் மாறவில்லை என்பதால், இதை வெறும் மென்பொருள் விமர்சனமாக எழுதினால் பாதி விஷயம் விட்டுப்போகும். அப்கிரேட் (கேப்டனாகப் பதவி உயர்வு) வந்திருக்கிறது, எடுக்கலாமா, இன்னும் கொஞ்ச நாள் வலப்பக்க சீட்டிலேயே இருக்கலாமா என்று தலையைப் பிய்த்துக்கொண்டிருக்கும் பைலட்டுகள் நிறையப் பேர் இருக்கிறார்கள், அவர்களை மனதில் வைத்துத்தான் எழுதுகிறேன். எங்கள் கம்பெனியின் பெயரோ மென்பொருளை விற்கும் நிறுவனத்தின் பெயரோ இங்கே தேவையில்லை. சீனியாரிட்டி வைத்து ரோஸ்டர் போடும் இந்த வகை மென்பொருள்கள் எல்லாம் அடிப்படையில் ஒரே மாதிரிதான் வேலை செய்கின்றன.

துறைக்கு வெளியே இருப்பவர்களுக்குக் கொஞ்சம் விளக்கம். பி.பி.எஸ். என்று நாங்கள் சொல்வது, பைலட்டின் விருப்பங்களைக் கேட்டு மாத ரோஸ்டர் போடும் சிஸ்டம். மாதாமாதம் கம்பெனி அடுத்த மாதத்துக்கான பேரிங்குகளை வெளியிடும். பேரிங் என்றால் பேஸிலிருந்து (கம்பெனி நமக்கு ஒதுக்கிய ஏர்போர்ட்) கிளம்பி, சில செக்டர்கள் (ஒரு ஊரிலிருந்து இன்னொரு ஊருக்குப் பறக்கும் ஒரு ஃபிளைட்) பறந்து, தேவைப்பட்டால் வெளியூர் ஓட்டலில் தங்கி, மறுபடி பேஸுக்கே வந்து சேரும் ஒரு முழுச் சுற்று. ஒரே நாளில் முடிவதும் உண்டு, நாலு நாள் இழுப்பதும் உண்டு. அந்தப் பட்டியலைப் பார்த்துவிட்டு எனக்கு இன்ன நாள் லீவு வேண்டும், அதிகாலை செக்-இன் (டியூட்டிக்கு வந்து சேரும் நேரம்) வேண்டாம், இந்த ஊரில் லேஓவர் (வெளியூர்த் தங்கல்) வேண்டும், நாலு நாள் ட்ரிப் வேண்டவே வேண்டாம் என்று வரி வரியாக எழுதிப் போடுவோம், அதுதான் பிட். கடைசித் தேதி முடிந்ததும் சிஸ்டம் எல்லோருடைய பிட்டையும் எடுத்து, சீனியாரிட்டி லிஸ்டின் வரிசைப்படி ரோஸ்டரைக் கட்டித் தரும். முன்பெல்லாம் கம்பெனியே முழு மாதத்தையும் ஒரு லைனாகக் கட்டி வைத்திருக்கும், நாம் அந்த லைன்களில் ஒன்றைக் கேட்கலாம். சில ஏர்லைன்களில் இன்றும் அப்படித்தான். பிடிக்காத ஒரு ட்ரிப் உள்ளே இருந்தாலும் லைனோடு சேர்த்துத்தான் எடுத்தாக வேண்டும்.

உள்ளே ஓடும் கணக்கு உண்மையிலேயே அழகானது. 1990-களில் மான்ட்ரியல் கணித ஆய்வாளர்கள் ஏர் கனடாவுக்காக இப்படி ஒன்றை உருவாக்கி, அது எப்படி வேலை செய்கிறது என்று 1998-இல் ஆய்வுக் கட்டுரையாகவே வெளியிட்டார்கள். லிஸ்டில் முதல் ஆளை எடுத்து அவருக்கு மிகவும் பிடித்த ரோஸ்டரைக் கட்டுவது, ஆனால் மிச்சம் இருக்கும் ஃபிளைட்டுகளை மிச்சம் இருக்கும் ஆட்கள் சட்டப்படி பறந்து முடிக்க வழி இருக்கிறதா என்று ஒவ்வொரு முறையும் சரிபார்ப்பது, இருந்தால் அதைப் பூட்டிவிட்டு இரண்டாவது ஆளுக்குப் போவது, இப்படியே கடைசி ஆள் வரை. இதை மனதில் பதித்துக்கொண்டால் இந்த சிஸ்டத்தின் நல்லது கெட்டது இரண்டும் விளங்கிவிடும். முதல் பத்துப் பேருக்கு அது கேட்டதைக் கொடுக்கும். நடுவில் இருப்பவர்கள் புத்திசாலித்தனமாகக் கேட்டால் கிடைக்கும். கடைசிப் பத்துப் பேர் என்ன எழுதினாலும் பெரும்பாலும் மிச்சம் மீதிதான். மென்பொருள் யாருக்கும் கெடுதல் செய்வதில்லை, பட்டியலில் இருந்ததெல்லாம் அதற்குள் தீர்ந்துபோயிருக்கும், அவ்வளவுதான்.

ஃபர்ஸ்ட் ஆபீசர் லிஸ்டில் நான் மேல் பகுதிக்கு வந்த பிறகு வாழ்ந்த வாழ்க்கையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அப்கிரேடுக்குக் கொடுக்கும் விலை அதுதான். பிட் போடும் ராத்திரி நானும் என் கணவரும் மேஜையில் உட்கார்ந்து அவருடைய வேலை நாட்கள், பையனின் பள்ளி நாட்கள், அம்மாவின் டாக்டர் தேதி எல்லாவற்றையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுதுவோம். "எல்லா ஞாயிறும் கேட்காதே, ரெண்டு ஞாயிறு உறுதியாக் கிடைச்சாப் போதும், மத்ததை நான் பார்த்துக்கறேன்" என்று அவர் சொல்வார். கேட்ட இரண்டும் கிடைக்கும், சில மாதம் மூன்றாவதும் கிடைக்கும். பள்ளி விடுமுறை எப்போது என்று பார்த்து டிக்கெட் போடலாம், தங்கை வீட்டு விசேஷத்துக்கு வருகிறேன் என்று இரண்டு மாதம் முன்னாலேயே வாக்குக் கொடுக்கலாம். ஷிஃப்ட் வேலையில் இருப்பவர்களுக்குத்தான் அந்த வாக்கின் அருமை தெரியும்.

சிஸ்டத்தில் எனக்கு மிகவும் பிடித்தது காரண அறிக்கை. ரோஸ்டர் வெளியானதும், நான் எழுதிய ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் அது நிறைவேறியதா, இல்லையென்றால் ஏன் என்று காட்டும். இந்த ட்ரிப் உங்களைவிட சீனியர் ஒருவருக்குப் போய்விட்டது. இந்த நாளில் ஆள் பற்றாக்குறை, அதனால் லீவு தர முடியவில்லை. இது உங்களுடைய மேல் வரியோடு மோதுகிறது. இவ்வளவு வெளிப்படையாகக் காரணம் சொல்லும் ரோஸ்டரை நான் வேறு எங்கும் பார்த்ததில்லை. ரோஸ்டர் டிபார்ட்மென்டில் யாரையாவது தெரிந்து வைத்திருந்தால்தான் நல்ல ரோஸ்டர் என்று இருந்த இடங்களில் வேலை பார்த்தவர்களைக் கேளுங்கள், இதன் மதிப்பைச் சொல்வார்கள். ஒருவரிடம் போய்க் கெஞ்ச வேண்டியதில்லை, ஒருவர் மேல் சந்தேகப்பட வேண்டியதும் இல்லை. இதற்காக மட்டுமே முழு ஒரு ஸ்டார் தருவேன்.

குறைகளும் இருக்கின்றன, சின்னவை அல்ல. வரிகளின் வரிசை முக்கியம் என்பதைப் பயிற்சி வகுப்பில் ஒரு ஸ்லைடில் சொல்லிவிட்டுப் போய்விடுகிறார்கள், ஆனால் முழு சூட்சுமமும் அங்கேதான் இருக்கிறது. மேலே எழுதிய வரிக்கு முன்னுரிமை, கீழே போகப் போக அதன் பலம் குறையும். லேஓவர் ஊரை மேலே எழுதிவிட்டு லீவு நாளைக் கீழே எழுதினால், ஊரைக் கொடுத்துவிட்டு லீவை எடுத்துக்கொள்ளும். ஏகப்பட்ட நிபந்தனை போட்டால் சட்டப்படியான மணிக்கணக்கோடு ஒரு மாதத்தைக் கட்டவே முடியாமல் போகும், அப்போது டினையல் மோடுக்குப் போய், உங்கள் விருப்பங்களைக் கீழிருந்து ஒவ்வொன்றாகத் தூக்கிப்போட ஆரம்பிக்கும். புதிதாக வருபவர்கள் பயத்தில் ஒரு பக்கம் முழுக்க வேண்டாம், வேண்டாம் என்று எழுதுவார்கள், கடைசியில் கிடைக்கும் ரோஸ்டர் ஒன்றுமே எழுதாதவருடையது போலவே இருக்கும். உண்மையிலேயே வேண்டியவற்றை மட்டும் மேலே வைத்துவிட்டு, மற்றதையெல்லாம் தளர்வாக எழுதுங்கள்.

அடுத்தது லீவு என்று இந்த சிஸ்டம் எதைக் கணக்கில் எடுக்கிறது என்பது. ஞாயிற்றுக்கிழமை லீவு என்று கேட்கிறீர்கள், பச்சை நிறத்தில் டிக் போட்டுக் கொடுத்தும் விடுகிறது. ஆனால் சனிக்கிழமை ட்ரிப் இரவு பதினொன்று இருபதுக்குத் தரையிறங்கும், டியூட்டி நள்ளிரவுக்குள் முடிந்துவிடும், யூனிஃபார்மோடு வீட்டுக் கதவைத் திறக்கும்போது மணி ஒன்று. திங்கட்கிழமை செக்-இன் காலை நாலரை, அதாவது இரண்டே முக்காலுக்கு எழுந்தாக வேண்டும், அதற்கு ஞாயிறு மாலை ஆறரைக்குத் திரையை இழுத்துவிட்டுப் படுத்தாக வேண்டும். காலையில் தாமதமாக எழுந்து, குளித்து, சாப்பிட்டு, துணி மடித்து, பையன் காட்டும் நோட்டைப் பார்ப்பதற்குள் அந்த லீவு முடிந்துவிடும். சட்டப்படி ஓய்வும் கொடுத்தாகிவிட்டது, விருப்பமும் நிறைவேறிவிட்டது. இதற்கு ஒரு வழி உண்டு. நாளைக் கேட்காமல் நேரத்தைக் கேளுங்கள்: சனி மாலை ஆறு மணியிலிருந்து திங்கள் காலை பத்து வரை எந்த டியூட்டியும் வேண்டாம் என்று எழுத இடம் இருக்கிறது, மெனுவில் உள்ளே தள்ளி வைத்திருப்பதால் பலர் கண்ணில் படுவதில்லை. ஒற்றை நாள் லீவு வேண்டாம், லீவெல்லாம் சேர்ந்தாற்போல் வேண்டும் என்ற வரியும் அங்கேயே இருக்கிறது. ஜூனியராக இருப்பவருக்கு, நல்ல ட்ரிப் கேட்கும் எந்த வரியைவிடவும் அது உதவும்.

அடுத்து அப்கிரேட் கதைக்கு வருகிறேன். இடப்பக்க சீட்டுக்கான அறிவிப்பு வந்தபோது என் நம்பர் வரை எட்டியிருந்தது. ஒரு நீண்ட செக்டரில், ரிடயர்மென்டுக்குப் பக்கத்தில் இருந்த ஒரு கேப்டனிடம் கேட்டேன். "ஏம்மா, பணத்தைப் பார்த்து இந்தப் பக்கம் வராதே, லிஸ்டைப் பார்த்து வா" என்றார். அன்று ஒரு நல்ல வாக்கியமாக மட்டும் பட்டது. பிறகு உட்கார்ந்து கணக்குப் போட்டபோதுதான் அதில் எவ்வளவு இருக்கிறது என்று தெரிந்தது.

ஒரு சீட்டில் சீனியர் என்பது நீங்கள் எத்தனை வருடம் பறந்தீர்கள் என்பதை மட்டும் பொறுத்ததல்ல, அந்த பேஸில், அந்த விமான வகையில், அந்த சீட்டில் உங்களுக்கு மேலே எத்தனை பேர் என்பதைப் பொறுத்தது. ஃபர்ஸ்ட் ஆபீசர் லிஸ்டில் மேலே இருந்த அதே ஆள் அப்கிரேட் ஆன மறுநாள் கேப்டன் லிஸ்டின் அடிமட்டத்தில். மாதம் முழுக்க ஸ்டாண்ட்பை, பண்டிகை நாளெல்லாம் டியூட்டி, நாலு மணி செக்-இன், அப்புறம் நடு ராத்திரித் தரையிறக்கம். ஸ்டாண்ட்பை என்றால் வீட்டில்தான் இருப்போம், உண்மைதான். ஆனால் போன் அடித்தால் குறிப்பிட்ட நேரத்துக்குள் ஏர்போர்ட்டில் நிற்க வேண்டும், அதனால் உடலால் மட்டும்தான் வீட்டில். வெளியே எங்கும் போக முடியாது, தூக்கத்தையும் எந்த நேரத்துக்கு வைத்துக்கொள்வது என்று தெரியாது. சம்பளம் கணிசமாகக் கூடும், அதில் சந்தேகம் இல்லை. ஆனால் அந்தக் கூடுதல் சம்பளத்தைச் செலவு செய்ய எந்த நாளில் வீட்டில் இருப்போம் என்பதை ஜூனியர் கேப்டன் தீர்மானிக்க முடியாது.

விதிகள் காப்பாற்றாதா என்று கேட்பார்கள். விதிகள் பார்ப்பது பாதுகாப்பை, அதிலும் குறைந்தபட்ச பாதுகாப்பை. ஐரோப்பிய விதிப்படி ஒரு பைலட் 28 நாளில் 100 மணி நேரம், ஒரு காலண்டர் வருடத்தில் 900 மணி நேரம் பறக்கலாம், அமெரிக்காவில் 365 நாளில் 1000. வருடத்துக்கு 900 மணி நேரம்தானா, அலுவலக வேலையில் அதைப்போல் இரண்டு மடங்கு வருமே என்று உறவினர் ஒருவர் என்னிடமே கேட்டிருக்கிறார். அந்தக் கணக்கில் வருவது விமானம் நகர ஆரம்பித்ததிலிருந்து போய் நிற்கும் வரை மட்டும். செக்-இன், பிரீஃபிங், இரண்டு செக்டருக்கு நடுவே டெர்மினலில் காத்திருக்கும் மூன்று மணி நேரம், ஓட்டலுக்குப் போகும் வண்டி, வெளியூர் ஓட்டல் அறையில் பகலில் தூக்கம் வராமல் புரளும் நேரம், இவையெல்லாம் அந்த 900-க்கு வெளியே. அதே ஐரோப்பாவில் வருடத்துக்குக் குறைந்தது 96 நாள் டியூட்டியும் ஸ்டாண்ட்பையும் இல்லாத நாளாக இருக்க வேண்டும் என்கிறது சட்டம், ஆண்டு விடுமுறை தனி. வாரம் இரண்டு நாள் லீவு இருக்கும் வேலையில் சனி ஞாயிறு மட்டுமே 104 நாள் வரும். சட்டம் உறுதி தருவது அதற்கும் கீழே, அதுவும் எந்தக் கிழமையில் என்று சொல்லாமல். அந்த 96-க்கு மேலே என்ன கிடைக்கிறது, எந்தக் கிழமையில் கிடைக்கிறது என்பதைத்தான் சீனியாரிட்டியும் இந்த மென்பொருளும் தீர்மானிக்கின்றன.

இதை வசதி பற்றிய பேச்சாக மட்டும் பார்க்க என்னால் முடியாது. அதிகாலை இரண்டிலிருந்து ஆறு வரை உடம்பின் விழிப்பு மிகத் தாழ்ந்திருக்கும் நேரம் என்று விதிப் புத்தகங்களே தனியாகக் குறித்து வைத்திருக்கின்றன. அந்த நேரத்தை வெட்டிச் செல்லும் டியூட்டிகள்தான் பட்டியலில் கடைசியாக மிஞ்சுபவை, அவை போய்ச் சேருவதும் அந்த சீட்டில் அனுபவம் மிகக் குறைந்த கேப்டனிடம். 2009 பிப்ரவரியில் அமெரிக்காவில் பஃபலோ பக்கத்தில் கோல்கன் ஏர் விமானம் விழுந்து 50 பேர் இறந்தார்கள். ஸ்டால் (வேகம் குறைந்து இறக்கை விமானத்தைத் தாங்க முடியாமல் போவது) எச்சரிக்கைக்கு கேப்டன் தவறாகச் செயல்பட்டதுதான் காரணம் என்றது விசாரணை. ஆனால் அந்த ஃபர்ஸ்ட் ஆபீசர் முந்தின இரவு சியாட்டிலிலிருந்து நாட்டின் மறுகோடியில் இருக்கும் நியூவார்க் பேஸுக்குப் பயணியாகப் பறந்து வந்திருந்தார், கேப்டன் அதற்கு முன் ஏர்போர்ட் க்ரூ ரூமில் இரவைக் கழித்திருந்தார். அசதி பெரும்பாலும் அவர்களைப் பாதித்திருக்கும், எந்த அளவுக்கு என்று உறுதியாகச் சொல்ல முடியாது என்று அதே அறிக்கை பதிவு செய்தது. அந்த விபத்துக்குப் பிறகுதான் அங்கே பைலட்டுகளின் ஓய்வு விதி மாற்றி எழுதப்பட்டு 2014 ஜனவரியில் அமலுக்கு வந்தது: டியூட்டிக்கு முன் 10 மணி நேர ஓய்வு, அதில் 8 மணி நேரம் இடையூறில்லாமல் தூங்க வாய்ப்பு.

இதை இங்கே கொண்டுவர ஒரு காரணம் உண்டு. அப்கிரேட் பெரும்பாலும் உங்கள் வீடு இருக்கும் பேஸில் திறக்காது, யாருக்கும் பிடிக்காத பேஸில்தான் முதலில் திறக்கும். வீட்டை மாற்ற முடியாதவர்கள் ஒவ்வொரு ட்ரிப்புக்கும் பயணியாக ஏறி பேஸுக்குப் போய், முடிந்ததும் அதே மாதிரி திரும்புவார்கள். சிஸ்டத்தில் லீவு என்று காட்டும் நாட்களில் முதலும் கடைசியும் அந்தப் பயணத்திலேயே போய்விடும், ஸ்டாண்ட்பை மாதத்தில் பேஸ் பக்கம் ஒரு அறையும் எடுத்தாக வேண்டும். ஜூனியர் கேப்டன், ஸ்டாண்ட்பை, வெளியூர் பேஸ் மூன்றும் ஒன்றாகச் சேர்ந்தால், சம்பளம் எவ்வளவு சொன்னாலும் வேண்டாம் என்பதுதான் என் தெளிவான கருத்து. மூன்றில் இரண்டு என்றால் யோசிக்கலாம். ஒன்று மட்டும் என்றால் எடுங்கள்.

பணக் கணக்கையும் சரியாகப் போடுங்கள். எல்லோரும் மணிக்கு எவ்வளவு என்பதை மட்டும் ஒப்பிடுகிறார்கள். இந்த சிஸ்டம் ஒவ்வொரு பேரிங்குக்கும் கிரெடிட் எவ்வளவு, பேஸை விட்டு வெளியே இருக்கும் மொத்த நேரம் எவ்வளவு என்று பக்கத்தில் பக்கத்தில் காட்டும். கிரெடிட் என்றால் சம்பளம் கணக்கிடப்படும் மணி நேரம், பறந்த நேரத்தைவிடக் கூடுதலாகவும் இருக்கலாம். முதல் எண்ணை இரண்டாவதால் வகுத்துப் பாருங்கள். சீனியர் ஃபர்ஸ்ட் ஆபீசர் ஒரே நாளில் நிறையக் கிரெடிட் வரும் ட்ரிப்பாகப் பொறுக்கி எடுப்பார். ஜூனியர் கேப்டனுக்கு விழும் ட்ரிப்பில் நாலு நாள் வெளியே, நடுவில் ஒரு நாள் முழுக்க ஓட்டலில் சும்மா, கிரெடிட் மட்டும் மெலிந்து இருக்கும். மணிக்கு வாங்கும் சம்பளத்தில் கேப்டன் எங்கேயோ இருந்தாலும், வீட்டை விட்டு வெளியே இருந்த ஒவ்வொரு நாளுக்கும் என்று கணக்கிட்டால் வித்தியாசம் பாதியாகக் கூடச் சுருங்கலாம். பெரிய விமானத்தில் சீனியர் ஃபர்ஸ்ட் ஆபீசர், சின்ன விமானத்தில் ஜூனியர் கேப்டன் என்று ஒப்பிடும்போது சில இடங்களில் அந்த வித்தியாசமும் நிற்காது.

அப்படியானால் பொறுத்திருப்பதே நல்லதா என்றால், அது உங்கள் கம்பெனியில் லிஸ்ட் எப்படிப் போடுகிறார்கள் என்பதைப் பொறுத்தது. சேர்ந்த தேதியை வைத்து லிஸ்ட் என்றால், நீங்கள் மூன்று வருடம் தள்ளி அப்கிரேட் எடுத்தாலும் உங்களுக்குப் பிறகு சேர்ந்து முந்திக்கொண்டவர்களுக்கு மேலேதான் போய் உட்காருவீர்கள். அங்கே காத்திருப்பதற்கு விலை சம்பளமும் கேப்டனாகச் சேரும் மணி நேரமும் மட்டும்தான், இடம் போகாது. கேப்டன் ஆன தேதியை வைத்து லிஸ்ட் என்றால், ஒவ்வொரு வருடமும் உங்கள் இடத்தை வேறொருவருக்கு விட்டுக்கொடுக்கிறீர்கள். இந்த ஒரு கேள்வியைக் கேட்காமலே முடிவெடுப்பவர்களை நான் பார்த்திருக்கிறேன், தயவுசெய்து கேளுங்கள். கூடவே சீட் லாக் (வேறு சீட்டுக்கு மாற விடாத காலம்) எத்தனை வருடம், கமாண்ட் ட்ரெய்னிங்கில் (கேப்டன் ஆவதற்கான பயிற்சி) தேறவில்லையென்றால் பழைய சீட் திரும்பக் கிடைக்குமா, மறுபடி எப்போது முயற்சி செய்ய விடுவார்கள் என்பதையும் எழுத்தில் வாங்குங்கள்.

காத்திருப்பவர்களுக்கு இன்னொரு ஆபத்தும் உண்டு, திறந்த கதவு திறந்தே இருக்கும் என்று நம்புவது. 2006-இல் சர்வதேச விதியில் கேப்டன்களின் வயது வரம்பு 60-லிருந்து 65 ஆனது, அமெரிக்காவில் 2007 டிசம்பரில். அந்த வருடங்களில் ரிடயர் ஆக வேண்டியவர்கள் மேலும் ஐந்து வருடம் தொடர முடிந்தது, அவர்களுக்குக் கீழே காத்திருந்தவர்களின் அப்கிரேட் அப்படியே நின்றது. 2020-இல் விமானங்கள் தரையில் நின்றபோது பல கம்பெனிகளில் லிஸ்டின் அடியிலிருந்துதான் ஆட்களைக் குறைத்தார்கள், கேப்டனாக இருந்த சிலர் மறுபடி வலப்பக்க சீட்டுக்கு வந்தார்கள். கம்பெனியே மூடிப்போனால் சீனியாரிட்டி பூஜ்யம், அடுத்த இடத்தில் அடியிலிருந்துதான் ஆரம்பம். அப்போது லாக் புக்கில் கேப்டனாகப் பறந்த மணி நேரம் இருக்கிறதா என்பதுதான் முதல் கேள்வியாக வரும்.

நான் எடுத்துக்கொண்டேன். எங்கள் லிஸ்ட் சேர்ந்த தேதிப்படி, அதனால் அவசரம் இல்லை. பையன் சின்னவனாக இருந்தவரை வலப்பக்கத்திலேயே இருந்தேன், கூடச் சேர்ந்தவர்கள் இடப்பக்கம் போனபோது சங்கடமாகத்தான் இருந்தது, இருந்தேன். பிறகு எனக்கு மேலே இருக்கும் கேப்டன்கள் எந்தெந்த வருடம் 65 தொடுகிறார்கள் என்று லிஸ்டை வைத்து எண்ணிப் பார்த்தபோது, அடிமட்டத்தில் நான் இருக்க வேண்டியது நீண்ட காலம் அல்ல என்று தெரிந்தது. பேஸும் மாறவில்லை. வீட்டில் பேசி, சில வருடம் ஞாயிறுகளை எதிர்பார்க்க வேண்டாம் என்று எல்லோரும் ஒப்புக்கொண்ட பிறகுதான் ஃபார்மில் கையெழுத்துப் போட்டேன். இன்றைக்கும் சரியான முடிவு என்றே நினைக்கிறேன், ரோஸ்டரைத் திறக்கும்போது வருத்தமாக இருந்தாலும்.

ஏனென்றால் அந்த சீட்டில் வேறு ஒன்றும் இருக்கிறது, அதை எந்த மென்பொருளும் அளக்காது. சேரும் இடத்தில் இடி மின்னல், எரிபொருள் கணக்கு இறுகுகிறது, வானத்திலேயே வட்டமிட்டு இன்னும் ஒரு சுற்று ஹோல்டிங்கில் இருக்கலாமா, இப்போதே மாற்று ஏர்போர்ட்டுக்குத் திரும்பலாமா என்று எல்லோருடைய கருத்தையும் கேட்டுவிட்டு, சரி, திரும்புகிறோம் என்று சொல்லும் பொறுப்பு நம்முடையது. அதற்காகத்தான் இந்த வேலைக்கு வந்தேன். பக்கத்தில் இருக்கும் இளம் ஃபர்ஸ்ட் ஆபீசர் பயமில்லாமல் தன் சந்தேகத்தைச் சொல்லும்படி அந்த காக்பிட்டை வைத்துக்கொள்வதும் நம் கையில். அது பிடிக்காதவர்கள், வலப்பக்க சீட்டில் திறமையாகவும் நிம்மதியாகவும் ரிடயர் ஆக நினைப்பவர்கள், யாருக்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை. எப்போதம்மா கேப்டன் ஆவாய் என்று ஒவ்வொரு கல்யாண வீட்டிலும் கேட்பவர்களுக்கு நாலு மணி செக்-இன் கிடையாது.

சீனியாரிட்டி இல்லாமல் சுழற்சி முறையில் விருப்பங்களைக் கொடுக்கும் சிஸ்டங்களும் இருக்கின்றன, இந்த மாதம் கிடைக்காதவருக்கு அடுத்த மாதம் புள்ளி கூடும். அங்கே அப்கிரேட் எடுத்தாலும் வாழ்க்கை ஒரேயடியாகச் சரியாது, ஆனால் வருடங்கள் போகப் போக மேம்படுவதும் குறைவு. குடும்பம் சின்னதாக இருக்கும் வயதில் சுழற்சி முறை எவ்வளவோ மேல். ஐம்பதைத் தாண்டியவரைக் கேட்டால் வேறு சொல்வார்.

மென்பொருளுக்கே திரும்பினால், மொபைலில் வரி வரிசையை மாற்றும்போது விரல் தவறினால் மொத்த பிட்டும் கலைந்துபோகிறது, கம்ப்யூட்டரிலேயே செய்யுங்கள். கடைசி நேரம் யு.டி.சி.யில், அதாவது உலகப் பொது நேரத்தில் போட்டிருக்கும், உள்ளூர் நேரம் என்று நினைத்துக் காத்திருக்காதீர்கள். லேஓவரில் ஓட்டல் வைஃபையை நம்பிக் கடைசி ராத்திரியில் போடாதீர்கள், நிரந்தர பிட் ஒன்றை எப்போதும் சேமித்து வையுங்கள், மறந்துபோனாலும் அது ஓடும்.

விற்பவர்களுக்கு என் ஒரே கோரிக்கை: சிஸ்டத்திடம் எல்லாத் தகவலும் இருக்கிறது, போன வருடத்து ஒவ்வொரு மாதத்தையும் நான் கேப்டன் லிஸ்டில் இருந்ததாக வைத்து மறுபடி ஓட்டி, எனக்கு என்ன ரோஸ்டர் விழுந்திருக்கும் என்று காட்டும் ஒரு பட்டன் வையுங்கள். அப்கிரேட் ஃபார்மில் கையெழுத்துப் போடும் முன் ஒவ்வொருவரும் பன்னிரண்டு மாதத்தையும் வீட்டில் இருப்பவர்களோடு உட்கார்ந்து பார்க்கட்டும். அதுவரை, லிஸ்டில் கடைசியாக இருக்கும் கேப்டனிடம் போய் அவருடைய போன மாத ரோஸ்டரையும் காரண அறிக்கையையும் கேட்டு வாங்கிப் பாருங்கள், நான் அப்படித்தான் பார்த்தேன். அந்தப் பட்டனைக் கொண்டுவந்தால் இந்த ஜூனியர் சீட்டில் இருந்தபடியே ஐந்துக்கு நாலு கொடுக்கிறேன்.